ஹெட்ஃபோன் மாட்டாத வருஷங்கள்

பாகீரதி அம்மாள் "ஜானூ..." என்று கூப்பிட்டது ஜானவிக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டதும் கேட்கவில்லை. பாத்ரூம் வாசலில் வாளி உருண்ட சத்தம் மட்டும் ஹெட்ஃபோனைத் தாண்டி வந்தது.

அதைக் கழற்றி வீசிவிட்டு ஓடினாள். ஈரத் தரையில் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"ஒண்ணுமில்லைடீ... சாரமில்லை. கையைக் குடு."

தூக்கி நிறுத்தும்போதே வாசற்கதவு திறந்தது. நாத்தனார் கிருஷ்ணவேணி, ஸ்ரீவராகத்திலிருக்கும் தன் வீட்டிலிருந்து விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி வந்திருந்தாள். அன்று அவள் அப்பா ராமசுப்ரமணியனுக்கு மாசிகம், மாதாமாதம் வரும் திதி. அவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"ஐயோ அம்மா! என்ன இது, ரத்தம்!" பை தரையில் விழுந்தது. "நீ கூப்பிட்டது தெருவுல வரச்சயே எனக்குக் கேட்டது. உள்ளே இருக்கறவளுக்குக் கேக்கலையாக்கும்?"

ஜானவி டெட்டால் எடுக்கப் போனாள். கிருஷ்ணவேணி பின்னாலேயே வந்தாள். அறையில் லேப்டாப் திறந்திருந்தது. பக்கத்தில் சின்னக் கீபோர்டு. தரையில் கிடந்த ஹெட்ஃபோன் தனக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"ஓ... இதாக்கும் சங்கதி! ஓணம் இல்லை, தீபாவளி இல்லை, டிவியைத் துணி போட்டு மூடி வச்சிருக்கோம். நீ மட்டும் காலங்கார்த்தால பாட்டுக் கேக்கறியா?"

"கேக்கலைக்கா... பண்ணிண்டிருந்தேன்."

சொன்ன பிறகுதான், உண்மை இன்னும் மோசமாக இருக்கிறது என்று ஜானவிக்குத் தோன்றியது.

"பண்ணிண்டிருந்தியா! கேட்டயா வெங்கிட்டு? நம்மப்பாக்கு மாசிகம். உன் பொண்டாட்டி பாட்டுப் பண்ணிண்டிருக்கா!"

வெங்கிடேஷ் ஈரத் துண்டோடு வந்து நின்றான். அக்காவையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை.

"ஜானூ, சாஸ்திரிகள் இப்போ வந்துடுவார். அதெல்லாம் எடுத்துப் பரண்ல வச்சுடு. வருஷம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம். இந்த வார்த்தையை ஜானவிக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் கம்ப்யூட்டரில் இசை செய்துவந்தாள். ஆட வைக்கிற இசை இல்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற மாதிரியான, அவசரமில்லாத இசை. இணையத்தில் ஏற்றுவாள். முகம் தெரியாத சிலர் எங்கெங்கோ இருந்து கேட்டுவிட்டு இரண்டு வரி எழுதுவார்கள். கூச்சக்காரியான அவளுக்கு அந்த இரண்டு வரி போதுமாக இருந்தது.

பிறகு மாமனாரின் நுரையீரல் கெட்டது. வீட்டுக்கு ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. குழாய் மடங்கினாலும் கரண்ட் போனாலும் அது 'கீ' என்று கத்தும். உடனே ஓட வேண்டும். ஹெட்ஃபோன் மாட்டிய காதுக்கு அது கேட்காது. அதனால் கழற்றி வைத்தாள். யாரும் அவளை விடச் சொல்லவில்லை. அவளும் விட்டதாக யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் தேவலையாகட்டும், அப்புறம் என்று நினைத்தாள். ஏழு வருஷம் போயிற்று.

அவர் போய், மெஷினையும் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு, அவள் காதுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனாலும் தூங்கினால் பாதியில் எழுந்து உட்கார்ந்தாள். போன மாதம்தான் லேப்டாப்பைத் திறந்தாள். விரல்கள் எல்லாவற்றையும் மறந்திருந்தன.

"நான் வைக்கலைன்னா?" என்றாள் ஜானவி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"என்னது?" என்றாள் கிருஷ்ணவேணி.

"பரண்ல வச்சா நான் திருப்பி எடுக்க மாட்டேன்கா. எனக்குத் தெரியும். இன்னொரு தடவை ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை."

"அம்மா விழுந்து கிடக்கா, இவளுக்குத் தெம்பில்லையாம்! உனக்கு இந்தாத்துல என்ன குறை வச்சோம்டீ? அம்மா செத்தாக் கூட இதை மாட்டிண்டு உக்காந்திருப்பே போலருக்கே!" கிருஷ்ணவேணி குனிந்து ஹெட்ஃபோன் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. அதுவரை ஹெட்ஃபோனுக்குள் இருந்த இசை ஸ்பீக்கர் வழியே வீடு முழுக்கப் பரவியது.

முதலில் ஒரு நீண்ட, தணிந்த சுருதி. அதன் அடியில்... உஸ்ஸ்... டக். உஸ்ஸ்... டக். அதன் மேல் இரண்டு மூன்று ஸ்வரங்கள், ஒன்றையொன்று தொடாமல், மெதுவாக வந்து போயின.

ஜானவி பதறி லேப்டாப்பை மூடப் போனாள்.

"நிறுத்தாதே!"

அறை வாசலில் பாகீரதி அம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இது... இது அவரோட மெஷினாச்சே!"

உஸ்ஸ்... டக்.

"ஒரு தடவை மெஷின்ல வேற மாதிரி சத்தம் வந்துதேம்மா," ஜானவி தரையைப் பார்த்துச் சொன்னாள். "ரிப்பேர்காரருக்கு அனுப்பறதுக்காக போன்ல பதிஞ்சேன். அது அப்படியே இருந்தது. அதை வச்சுத்தான்..."

பாகீரதி அம்மாள் கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"மெஷின் போனதுலேந்து இந்தாத்துல உயிரே இல்லை. எனக்கு ஒறக்கமே கிடையாது, வேணி. இன்னிக்கு இவளைக் கூப்பிட்டது குளிக்கறதுக்கில்லை. முழிச்சுண்டு தனியா இருக்கப் பயமா இருந்தது. அவ்வளவுதான்."

"அதுக்குத்தான் சொல்றேன், இவ காதை அடைச்சுண்டு..."

"வாயை மூடு." மாமியார் தன் மகளிடம் அப்படிப் பேசி ஜானவி கேட்டதே இல்லை. "இவ இந்தாத்துக்கு வந்தப்போ இந்த ஹெட்ஃபோன் எப்பவும் கழுத்துல தொங்கிண்டிருக்கும். மெஷின் வந்த அன்னிக்குக் கழட்டினா. உங்கப்பா போற வரைக்கும் மாட்டலை. ஏன்னு எனக்குத் தெரியும். பாத்துண்டுதான் இருந்தேன்... ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'நான் கேட்டுக்கறேன், நீ போய் உன் வேலையைப் பாரு'ன்னு சொல்லத் தோணலையேடீ எனக்கு!"

ஜானவி மாமியாரின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அதைவிட அதிகமாக அசதி வந்தது. பாகீரதி அம்மாள் அவள் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முழங்கை ரத்தம் ஜானவியின் தலைமுடியில் ஒட்டியது.

வெங்கிடேஷ் தொண்டையைச் செருமினான். "அம்மா சொல்றது சரிதான்க்கா. இது பாட்டே இல்லையே. அப்பாவோட மூச்சு. இதுல தோஷம் ஒண்ணும் வராது."

"இல்லை," என்றாள் ஜானவி, மடியிலிருந்து தலை தூக்காமலே. "இது பாட்டுதான்."

"பாட்டாவே இருந்துட்டுப் போறது," என்றாள் பாகீரதி அம்மாள். "அவர் பேர்ல நான் கேக்கறேன். எவன் வந்து என்னைக் கேள்வி கேக்கறான்னு பாப்போம். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இனிமே காதுல மாட்டிக்காதே. எல்லாருக்கும் கேக்கட்டும். அப்போதான் நான் கூப்பிட்டா உனக்கும் கேக்கும்."

கிருஷ்ணவேணி வயரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு அதைச் சுருட்டி, சிக்கல் எடுத்து, லேப்டாப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு யாருமே ஒண்ணும் சொல்லலையே..." என்றாள், அழுதபடி. "நீ அம்மா பக்கத்துல இரு. சமையலை நான் பாத்துக்கறேன்."

சாஸ்திரிகள் வந்தார். மாசிகம் நடந்தது. சாப்பிட்டு இலை எடுத்த பிறகு பாகீரதி அம்மாள் கட்டிலில் சாய்ந்தாள்.

"போடு."

ஜானவி போட்டாள். உஸ்ஸ்... டக். சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கிருஷ்ணவேணி, வெண்கலப் பானையைக் குழந்தையைக் கிடத்துவதுபோல ஓசையில்லாமல் தரையில் வைத்தாள்.

மாமியாரின் வாய் லேசாகத் திறந்தது. குறட்டை வந்தது. கட்டிலுக்குக் கீழே வெறும் தரையில் ஜானவியும் படுத்தாள். இரண்டாவது ஸ்வரம் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிடுகிறது என்று தோன்றியது. இன்னும் ஒரு மூச்சு பொறுத்து வரவேண்டும். எழுந்துபோய்ச் சரிசெய்ய உடம்பில் வலு இல்லை.

நாளைக்குச் செய்யலாம் என்று கண்ணை மூடினாள். லேப்டாப் மேஜை மேலேயே திறந்திருந்தது.