நயினார் வீட்டு மணி எரிவதில்லை

ஆறுமுகநயினார் நிச்சயதார்த்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் நாற்பது பேர் நெஞ்சில் மறைமணி எரிந்தது.

அவருக்கு அது புதிதில்லை. ஒன்பது ஆண்டுகளாக, சட்டம் போட்டு எல்லோரும் மறைமணி அணியத் தொடங்கிய நாள்முதலாக, திருநெல்வேலியில் அவரெதிரே வந்து நின்றவர்கள் அத்தனை பேருக்கும் மணி எரிந்தது. கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். எதிரில் நிற்பவரிடம் ஒன்றைச் சொல்லாமல் நிறுத்திவைக்க மூளை எடுக்கும் முயற்சியை மோப்பம் பிடித்து ஒளிரும். விஷயம் என்ன என்று அதற்குத் தெரியாது. வகையை மட்டும், அதைச் செய்த அந்நிய தேசத்தார் பொறித்த ஆங்கிலச் சொல்லால் காட்டும். 'ரிசர்வ்டு' என்றால் வெறும் கூச்சம். 'சப்ரஸ்டு' என்றால் கோபத்தையோ அழுகையையோ அடக்குகிறார். 'கன்சீல்டு' என்றால் ஒளிக்கிறார். கறிகாய் விற்பவள்கூட, "என்ன அண்ணாச்சி, பையில என்ன கன்சீலு?" என்று கேட்கும் காலம்.

நயினார் முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் போதித்தவர். அந்தச் சொற்களின் நுட்பம் அவருக்கு அத்துபடி. ஊர் முழுக்கக் கன்சீல்டு, தன் வீடு ஒன்றுதான் சுத்தம் என்பது அவர் முடிவு. அவர், மனைவி ஆவுடையம்மாள், மகள் உலகம்மை மூவர் மணியும் அவர் நினைவில் ஒருநாளும் எரிந்ததில்லை. அந்தப் பெருமையில்தான் முதுகு வளையாமல் நடந்தார்.

வீட்டில் ஒன்றிரண்டு விநோதங்கள் உண்டு. ஆவுடையம்மாள் நாலு பேருக்கு அரிசி அளந்துவிட்டு ஒரு பிடியைத் திரும்பப் பானையில் போடுவாள். மாடியில் ஆளில்லாத அறையின் கதவைத் தட்ட நயினாரே சில மாலைகளில் கையை ஓங்கிவிட்டு, எதற்கென்று தெரியாமல் இறங்கி வருவார். இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. பேச ஏதுமில்லை என்பதால் மணியும் எரிவதில்லை.

தட்டு மாற்றும் முன் இரு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே நிற்பது இப்போதைய வழக்கம். மாப்பிள்ளையின் தகப்பனார், அம்பாசமுத்திரம் குற்றாலிங்கம், வந்து நின்றார். கன்சீல்டு.

"என்னவே இது?" என்றார் நயினார். "சம்பந்தம் பேச வந்த இடத்துல இப்படி எரியுது?"

"அது ரெண்டு வீட்டுக்கும் நடுவுல உள்ளது இல்ல அண்ணாச்சி. விடுங்க."

"விடுததா? போன வருஷம் விளாத்திகுளத்துக்காரன் இப்படித்தான் நின்னான். அதுக்கு முந்தி சங்கரன்கோவில்காரன். ஒளிக்கிறவன் வீட்டுல பெண் குடுக்க மாட்டேன்னு அனுப்பிட்டேன். சொல்லும், இல்லேன்னா தட்டை எடுத்துட்டுப் போம்."

மேடையில் உலகம்மை தலை நிமிர்ந்தாள். அவளுக்கு முப்பத்தொன்று. இது மூன்றாவது நிச்சயம்.

குற்றாலிங்கம் அவளைப் பார்த்தார். பிறகு நயினாரைக் கையைப் பிடித்துப் பந்திக்கூடத்துக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே வாழையிலைக் கட்டுகள் மட்டும் இருந்தன.

"உங்களுக்கு மூத்த மக ஒருத்தி உண்டு அண்ணாச்சி."

நயினார் சிரித்தார். "மதுரைப் பக்கம் இதுக்கு மேல நல்ல கதை சொல்லுவான்."

"என் மணியைப் பாருங்க."

அணைந்திருந்தது. நயினாரின் சிரிப்பு நின்றது.

"வேற சாதிப் பையனோட போயிட்டா. அடுத்த வருஷமே மணி வந்துட்டு. உங்க வீட்டுல மூணு பேருக்கும் ராப்பகலா எரிஞ்சிருக்கு. தெருவே பார்த்திருக்கு. மானம் போகுதுன்னு, அவ நினைப்பையே மூளையில இருந்து பிடுங்கிப் போட, மூணு பேரையும் நினைவுக் களையெடுக்கிற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்க. படத்தையெல்லாம் கொளுத்திட்டீங்க. அதுக்கு முன்னாடியே வீடு வீடா ஏறி, இனி எங்ககிட்ட இதைப் பேசக்கூடாதுன்னு கையடிச்சு சத்தியம் வாங்கினீங்க. ஊரு இன்னைக்கு வரைக்கும் காப்பாத்துது."

ஊர் முழுக்க எரிந்தது அவருடைய ரகசியம்தான்.

"இவ... ஆவுடை ஒத்துக்கிட்டாளா?"

"மதினி அந்த டாக்டர் வீட்டு நாற்காலியைப் பிடிச்சுட்டு அழுதாங்களாம். நீங்க கேக்கலை."

"பேரு?"

"பூரணம்."

நயினார் காத்திருந்தார். அந்தப் பெயர் அவருக்குள் எங்கும் போய்ச் சேரவில்லை. வேறு யாரோ பெற்ற பிள்ளையின் பெயர்போல் காதோடு நின்றது.

"தூத்துக்குடியில இருக்கா. ஆனித் தேருக்கு வருவா. நீங்க வடம் பிடிக்கிறதைக் கூட்டத்துல நின்னு பார்த்துட்டுப் போயிருவா."

நயினார் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "வண்டியை எடுக்கச் சொல்லும் வே. களையெடுக்கிற டாக்டர்கிட்ட போகணும்."

"விளாத்திகுளத்துக்காரர் சொன்னப்பவும் இதைத்தான் கேட்டீங்களாம். சங்கரன்கோவில்காரர் சொன்னப்பவும். ரெண்டு தடவையும் போனீங்க. வந்து, அவங்க பொய்க்காரங்கன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டீங்க." குற்றாலிங்கத்தின் குரல் தணிந்தது. "எங்களுக்கு இதுல ஒரு குறையும் இல்ல. பையனுக்கும் தெரியும். ஆனா நீங்க இன்னொரு தடவை போயிட்டு வந்தா, நாளைக்கு என்னையும் வெரட்டுவீங்க. அந்தப் பிள்ளை எத்தனை தடவை பட்டுச்சேலை கட்டி மேடை ஏறி இறங்கும்?"

கதவைத் திறந்து இருவரும் வெளியே வந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர் குற்றாலிங்கத்தின் அணைந்த மணியைப் பார்த்தார். புரிந்துகொண்டார். அவருடையதும் அணைந்தது. பக்கத்தில் ஒன்று, பின்வரிசையில் ஐந்தாறு. ஒன்பது ஆண்டுகள் எரிந்த நாற்பது மணிகளும் ஒரு வார்த்தை பேசப்படாமல் கூடத்தில் அணைந்தன.

ஊர் எதையும் ஒளிக்காமல் தன்னைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று நயினாருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு கண்ணிலும் கேலி இல்லை. அவர் அதைத் தாங்க முடியாமல் தலை குனிந்தார்.

ஆவுடையம்மாள் தாம்பூலத் தட்டோடு எதிரே வந்தாள். "எங்க போயிட்டீங்க, நல்ல நேரம்..." என்றவள் நின்றாள்.

அவர் நெஞ்சில் மணி எரிந்துகொண்டிருந்தது. உள்ளங்கையால் மூடினார். விரலிடுக்கில் ஒளி வழிந்தது.

"கையை எடுங்க."

எடுத்தார்.

"வித்ஹெல்டு," என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இந்த வார்த்தையை நான் பார்த்ததே இல்லையே. என்ன அர்த்தம்?"

ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டு அவர் சொல்லாமல் இருந்த நாளில்லை. மேடையில் உலகம்மை எழுந்து நின்றுவிட்டாள். வாசலில் வண்டிக்காரன் கிளம்பத் தயாராக நின்றான்.

"உனக்குச் சேர வேண்டியது ஒண்ணை," என்றார் நயினார், "நான் குடுக்காம வச்சிருக்கேன்னு அர்த்தம்."

ஆவுடையம்மாள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ குடுங்க," என்று கையை நீட்டினாள்.