எல்லாக் கட்டத்திலும் டிக்

நர்மதாவின் பெயருக்கு மேலே ஃப்ளோராவின் முகம் இருந்தது.

கம்பெனி வெப்சைட்டில் மேனேஜர் படத்தை மாற்றி நான்கு நாளாகிறது. மற்றவர்கள் சிஸ்டத்திலெல்லாம் நர்மதாதான் தெரிந்தாள். அவள் சிஸ்டத்தில் மட்டும் ஃப்ளோராவின் அதே கான்வென்ட் சிரிப்பு. இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகம் போய்விட்டவள், விட்டுப்போன சீட்டைக்கூட முழுசாகத் தர மாட்டாள் போல. வியாசர்பாடியிலிருந்து பி.காம். படித்து வந்த நர்மதா ஆறு வருடம் பில் அடித்துக்கொண்டிருக்க, ராயபுரத்து ஃப்ளோரா வந்த ஆறாம் மாதமே மேனேஜர். இங்கிலீஷ். வேறென்ன.

சிஸ்டம் பார்க்கும் நிலவனுக்குப் போன் போட்டாள்.

"பழைய படத்த பிரவுசர் புட்சி வெச்சிகினு கீதுக்கா. அத சேத்து வெக்கிற 'கேஷ்' கட்டத்துல மட்டும் டிக் போட்டு கிளியர் பண்ணு. மத்தத தொடாத. உன் சொந்த அக்கவுண்டு அது, போன்லேர்ந்தும் பூடும்."

மேனேஜர் சிஸ்டத்தின் பிரவுசருக்கும், ஓடிபி வாங்க வசதியென்று, நர்மதாவின் நம்பரையும் அக்கவுண்டையுமே போட்டு வைத்திருந்த ஆபீஸ் அது. அதனால் ஃப்ளோரா ஒன்றரை வருடம் தேடியதெல்லாம் நர்மதாவின் அக்கவுண்டிலேயே கிடந்தது. அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்தாள். கடல் பார்த்த வாடகை வீடு. வெள்ளை கவுன், பின்னால் தரையில் புரளும் வலையோடு. தேனிலவுக்கு எந்த மாதம் நல்லது. எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தாள். 'எல்லா நேரமும்.' அழி.

வெளியே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளின் உறுமலும், மணலிப் பக்கமிருந்து காற்றில் வரும் அழுகிய முட்டை வாசனையும், ஏசியிலிருந்து பக்கெட்டில் சொட்டும் தண்ணீரும் எப்போதும்போல் இருந்தன. பிறகு அந்தச் சொட்டு மட்டும் நின்றது.

வெப்சைட் மறுபடி திறந்தது. ஃப்ளோராதான். ஆனால் உடுத்தியிருந்தது கடுகு நிறச் சுடிதார், தோளில் இங்க் கறை. நர்மதா தன் தோளைப் பார்த்தாள். அதே கறை.

போனில் பார்த்தாள். அங்கேயும் அவள். போனிலும் அழித்தாள். இப்போது படத்தில் ஃப்ளோராவுக்குப் பின்னால் ஆபீஸ் சுவர் இல்லை. ஊதா டிஸ்டெம்பர், ஈரம் பூத்த மூலை. அது நர்மதா வீட்டுச் சுவர்.

டீ கொடுக்கும் அங்கம்மா எல்லா மேஜையிலும் டம்ளர் வைத்துவிட்டு இவளிடம் வந்து நின்றாள். ஆறு வருடமாகப் பார்க்கும் கண்கள்.

"நீ யாரும்மா? இந்த சீட்டு பாப்பா அப்பவே வூட்டுக்கு பூட்சே."

"எந்தப் பாப்பா?"

"ஃப்ளோரா பாப்பா. வியாசர்பாடி."

போனில் ஒரு நம்பரும் இல்லை. அம்மாவின் நம்பர் மனப்பாடம். விரல் வழுக்கியது. வீடியோ கால். ரிங் போனது. எடுத்தாள்.

அம்மா. ஊதாச் சுவர். ஆணியில் பட்டமளிப்புப் படம். கறுப்பு அங்கி. நடுவில் ஃப்ளோரா.

"அம்மா, நான்தான்."

அம்மா திரையை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். முகத்தில் எதுவும் அசையவில்லை. திரும்பி யாரிடமோ கேட்டாள்.

"யாரோ பொண்ணு அய்வுது பாப்பா. உன் தோஸ்தா?"

போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அம்மா கருவாட்டுக் குழம்புச் சோற்றை உருட்டினாள். ஃப்ளோரா அவள் மடியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கண் இமைக்காமல் நர்மதாவைப் பார்த்தபடியே, வாயைத் திறந்தாள்.