பள்ளி வேனின் உடைந்த பின்விளக்கு

சர்வேயர் வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள்.

"போதை மாத்திரை போட்டுட்டு நேத்து சாயங்காலம் தூண்ல இடிச்சேனாம் சார். லைசென்ஸைப் பறிக்கச் சொல்லி எழுதப்போறாராம் வேன் ஷெட் மேனேஜர். வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை போதையா?"

இடிபட்ட வண்டிகளை ஆராய்ந்தே ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர் அவள் நீட்டிய போன வாரத்து டாக்டர் சீட்டை நிதானமாகப் படித்தார். முதுகில் ஆபரேஷன், பலமான வலி மாத்திரை, மூன்று மாதமாக ஒரே அளவு, மயக்கமோ தூக்கமோ இல்லை, வண்டி ஓட்டலாம் என்று டாக்டரின் கையெழுத்து.

"மாமா, கேஸ் ஜெயிச்சாச்சு!" என்று துள்ளினான் அவருடைய மைத்துனன்.

"அடங்குடா. வண்டிய எப்படிம்மா நிறுத்தினீங்க?"

"எப்பவும்போலத்தான். முதுகைத் திருப்ப முடியாதே. தெருவைச் சுத்தி வந்து ஷெட்டோட பின்கேட்ல நுழைவேன். முன்கேட்டைப் பாத்து நிறுத்திட்டு, பின்கேட்டை உள்பக்கம் தாழ் போட்டுடுவேன். காலையில நேரா வெளியே. ரிவர்ஸே கிடையாது. ஊர்வலம் வருதுன்னு மெக்கானிக்குங்க கிண்டல் பண்ணுவாங்க."

காலை நடைக்கு எடுக்கப்படாத வேன், ஷெட்டில் அவள் சொன்னபடியே நின்றது. பின்விளக்கு மட்டும் நொறுங்கியிருந்தது. மைத்துனன் தரையெல்லாம் தவழ்ந்தான்.

"மாமா, கண்ணாடித் துண்டெல்லாம் முன்கேட் தூணடியில!"

"அதான் சொன்னேனே, மப்புல இடிச்சிருக்கா," என்றார் மேனேஜர்.

"பின்கேட்ல நுழைஞ்சு இங்கயே நின்ன வண்டி, பின்விளக்கை முன்கேட் தூண்ல எப்படிங்க இடிக்கும்?" என்றார் சர்வேயர். "அவங்க போனதும் யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. திரும்பி வந்தா பின்கேட் தாழ். அவங்க நிறுத்தின மாதிரியே தெரியணுமே! முன்கேட் வழியா ரிவர்ஸ்ல நுழைச்சிருக்காங்க. மாத்து சாவி யார்கிட்ட இருக்கு?"

மேனேஜரின் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது.

"மச்சினி வீடு மாத்தினாங்க... ஒரே ஒரு நடைதான்..."

"உங்க இடிக்கு என் மாத்திரை மேல பழியா?" அவள் குரலில் ஸ்பானர் சத்தமெல்லாம் நின்றது. "நான் ஒளிச்சு சாப்பிடல. இடிச்சது நீங்கன்னு எழுதுங்க. இப்பவே, எல்லார் முன்னாடியும்!"

எழுதிக் கொடுத்தார். பிறகு குழைந்தார்: "மூணு மணி நடைக்குக் கிளம்பும்மா. பிள்ளைங்க காத்திருக்கும்."

"முடியாது. இன்னிக்குக் காலையிலதான் டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டியிருக்கார். உடம்பு பழகி, அவர் சரின்னு சொல்ற வரைக்கும் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன்."

"அப்ப வேலை?"

"வேலைய விட்டு எடுத்துப் பாருங்க! முதல்ல அந்த விளக்கை மாத்திட்டு, வேற டிரைவரைக் கூப்பிடுங்க. வழி நான் சொல்றேன்."

வேனைச் சுற்றிப் போய், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.