இறக்கி வைக்காத டம்பெல்

நான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்த தன் ஜிம்மைத் திறக்க சத்தியபிரியா மலையூரான அட்டுவம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி மூன்றரைதான். அதற்குள் மூடுபனி ரோட்டை விழுங்கியிருந்தது. ஜிம் இருந்த கட்டடம் பழைய காலத்துக் கல்வீடு. கீழே வீட்டுச் சொந்தக்காரி வீரம்மா, மாடியில் ஜிம்.

சாவி கொடுக்க வந்த வீரம்மா அவள் கையை விடவில்லை.

"நாலு மணியானா மேல மூச்சுச் சத்தம் கேக்குது தாயி. ஒன் வீட்டுக்காரரு இன்னும் எறக்கி வைக்கல. வெரசாப் போயி அந்த ஒரு வார்த்தயச் சொல்லிரு. பாவம், கை ஓஞ்சு போயிருக்கும்."



என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். அவள் ஜிம்மில் ஒரே சட்டம்தான். அவள் 'போதும்' என்று சொல்லும்வரை யாரும் எடையைக் கீழே வைக்கக் கூடாது. கட்டிய புருஷனுக்கும் சலுகை கிடையாது. டூரிஸ்ட் ஜீப் ஓட்டும் பிரசாந்த் தினமும் நாலு மணிக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு மாடி ஏறிவிடுவான். சாய்வு பெஞ்சின் முதுகுப் பலகையை இரண்டாவது துளையில் மாட்டுவான். அதற்கு மேல் நிமிர்த்தினால் பாரம் தோளுக்குப் போய்விடும் என்று, சொல்லிக் கொடுத்தவளுக்கே பாடம் நடத்துவான். மல்லாந்து டம்பெல்லை நெஞ்சுக்கு மேல் தூக்கும்போது முழங்கை மட்டும் அவனுக்கு அடங்காது. இரண்டு பக்கமும் விரிந்துகொண்டு போகும். அவள் திட்டுவாள், அவன் சிரிப்பான்.

நாலு மாதத்துக்கு முன்னால், அந்தக் கடைசி நாளில் அவன் சிரிக்கவில்லை. மூன்றாவது செட் முடிந்து எழுந்து உட்கார்ந்தவன், "எடப்பக்கம் நெஞ்சப் பிடிக்குது பிரியா" என்றான்.

"முழங்கைய விரிச்சா பிடிக்கத்தான் செய்யும். நெஞ்சு வலிச்சாத்தான வேலை செய்யுதுன்னு அர்த்தம்? இன்னும் ஒரு செட் போடுங்க."

போட்டான். அந்த ஒருமுறை முழங்கை விரியவே இல்லை. எட்டாவது தடவை இறக்கும்போது டம்பெல் இரண்டும் கையைவிட்டுத் தரையில் உருண்டன. மாரடைப்பு என்றார்கள்.

போதும் என்று அவள் சொல்லவே இல்லை.

கதவைத் திறந்ததும் துருவும் ரப்பரும் கலந்த வாடை அடித்தது. கூடவே தைல வாசனை, அவன் தோளில் தேய்த்துக்கொள்ளும் யூகலிப்டஸ் தைலம். கருமாதிக்கு மறுநாள் அவளே மடக்கிச் சுவரோரம் சாத்திய பெஞ்ச், இப்போது அறையின் நடுவில் நின்றது.

இரண்டாவது துளையில் மாட்டியிருந்தது.

எல்லாவற்றின் மேலும் தூசி. பெஞ்சின் மேல் இல்லை.

மணி நாலு.

மூச்சு.

மூன்று எண்ணும் நேரத்துக்கு உள்ளே இழுபட்டது. பிறகு ஒரே தள்ளாக வெளியே வந்தது.

தோள்பட்டைகள் ஒடுங்கிப் பதியும் இடத்தில் ரெக்சின் அமுங்கியது. தரைத் தூசியில் இரண்டு பாதத் தடங்கள் அழுத்தமாகப் பதிந்தன.

"என்னங்க?"

மூச்சு நிற்கவில்லை. நாலு மாதக் களைப்பு அதில் இருந்தது.

"முழங்கை... சரியா இருக்கா பிரியா?"

அவள் ஓடவில்லை. பெஞ்சின் தலைமாட்டுக்குப் போய், எப்போதும்போல் அவன் மணிக்கட்டு வரும் இடத்தில் இரண்டு கைகளையும் நீட்டினாள். உள்ளங்கையில் ஜில்லென்று எதுவோ வந்து படிந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது.

அவன்தான். பிரியா உடைந்து அழுதாள்.

"சரியா இருக்குங்க. ரொம்பச் சரியா இருக்கு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"போதுமா?"

ஒரு வார்த்தை. சொன்னால் இறக்கி வைத்துவிடுவான். அப்புறம் இந்தக் குளிர்ச்சியும் இருக்காது, இந்த மூச்சும் இருக்காது. படியேறும்போது நாலைந்து முறை சொல்லிப் பார்த்த வார்த்தைதான். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

"இன்னும்..." என்றாள். "இன்னும் ஒரே ஒரு செட் போடுங்க."



பிறகு, மூன்று எண்ணும் நேரத்துக்கு, மூச்சு மெதுவாக உள்ளே இழுபட்டது.

கீழே வீரம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சொல்லிட்டியா தாயி?"

ஆமென்று பிரியா தலையை ஆட்டினாள். சாவியை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மாடியில் பெஞ்ச் கிறீச்சிட்டது.