ஏழு பெட்டை, ஒரு கூவல்!

"ஐயோ... மேரியக்கா!"

மீன் ஏலத்துக்குத் துணை கூப்பிட வந்த நீலா போட்ட அலறலில் காசிமேட்டுக் காக்கைகள் மொத்தமும் எழுந்து பறந்தன.

அடைக்கலமேரி தன் வீட்டுப் படலுக்குள் குப்புற விழுந்து கிடந்தாள். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு துடுப்பு... நுனியெல்லாம் ரத்தம்!

அவள் வளர்த்த கோழிகள் அவளைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு என்ன கவலை!

1973 ஆகஸ்ட். செவ்வாய்க்கிழமை காலை. மணி ஐந்தரை.

* * *

பளார்!

இன்னாசிக்குக் காது அடைத்துப்போனது. வியாழக்கிழமை மத்தியானம் வரை அவன் வாங்கிய அறைகளை எண்ணினால் ஒரு நோட்டுப் புத்தகம் போதாது.

"திரும்பச் சொல்றா!" என்றார் இன்ஸ்பெக்டர் கருணாகரன்.

"எத்தினி வாட்டி சார் சொல்றது? நாலு மணிக்கு லாஞ்சுக்குப் போய்கினு இருந்தேன். மேரியக்கா வூட்டாண்ட போறப்ப படலுக்குள்ள சேவல் கூவுச்சு. அக்கா வெளக்க எடுத்துகினு வெளிய வந்து, 'சும்மா கெட சனியனே'ன்னு அத அதட்டுச்சு. நல்லா உசுரோடதான் இருந்துச்சு சார். நான் பாட்டுக்குப் பூட்டேன்!"

"அந்த வீட்டுல சேவலே இல்லடா!"

"கூவுச்சு சார்... மாதா மேல சத்தியமா!"

"ஏழு கோழி. ஏழும் பெட்டை. நானே ஒவ்வொண்ணா தூக்கிப் பார்த்தேன்."

பத்தொன்பது வருட சர்வீஸில் கருணாகரன் கோழியைத் தூக்கிப் பார்த்தது அன்றைக்குத்தான். தட்டில் வந்த கோழிகளைச் சேர்க்கவில்லை.

"திங்கக்கிழமை ஏலத்துல, அத்தனை பேர் முன்னால, 'உன்னக் கடல்ல தூக்கிப் போட்ருவேன்'னு அந்தம்மாவப் பார்த்துக் கத்தினியா இல்லையா?"

"ஃப்ளோராவ எனக்குக் கட்டித் தரமாட்டேன்னுச்சு. கோவத்துல கத்திட்டேன் சார்..."

"கோவத்துல கத்தினே. கோவத்துல அடிச்சே. அப்புறம் சேவல் கதை கட்டினே. நாளைக்குக் கோர்ட். தூக்குக் கயித்துல தொங்கும்போது உன் சேவலக் கூப்பிட்டுக்க!"

இன்னாசி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். அடி அவனுக்குப் புதிதல்ல, கடலில் அலை அடிக்காத அடியா! காலையில் ஃப்ளோரா வந்து போனதுதான் தாங்கவில்லை. மேரியின் ஒரே மகள். ராயபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் படிக்கிறாள். மாதத்துக்கு ஒரு நாள்தான் வீடு.

கம்பிக்கு வெளியே நின்று கேட்டாள்.

"எங்கம்மா வூட்ல ஏதுய்யா சேவல்? என்னாண்டயேவா?"

காறித் துப்பிவிட்டுப் போய்விட்டாள். அந்த நிமிடம் அவனுக்கு உண்மையாகவே செத்துப்போகலாம் என்று இருந்தது.

இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு எதிரே பக்தவச்சலம் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். மீன்பிடி லாஞ்சு முதலாளி. மேரிக்குப் பக்கத்து வீடு. அந்தக் கோடியில் மொத்தமே இரண்டு வீடுகள். மற்றதெல்லாம் வலை காயப்போடும் மணல்.

"சாட்சி சொல்லுங்க முதலாளி. அங்க சேவல் உண்டா?"

"இருவது வருசமா பக்கத்துல கீறேன் சார். சேவலாவது கீவலாவது! இந்தக் கம்மனாட்டி கப்ஸா வுட்றான்."

"கையெழுத்துப் போடுங்க."

பக்தவச்சலம் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்!"

வாசலில் ஒல்லியாக ஒரு மனிதர். கண்ணாடி. ஒரு கையில் முந்தைய நாள் மாலைப் பத்திரிகை. மறு கையில் சாக்குப் போட்டு மூடிய மூங்கில் கூடை.

"யாருய்யா நீ?"

"ஹென்றி. ராயபுரத்துல மாட்டு டாக்டர். ஆடு, நாய், கோழி... எல்லாம் பார்ப்பேன்."

"இங்க மாடு எதுவும் இல்லை. கிளம்பு!"

ஹென்றி இன்ஸ்பெக்டரை ஏற இறங்கப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, பத்திரிகையை மேஜையில் விரித்தார்.

'சேவல் இல்லாத வீட்டில் சேவல் கூவியதாம்! கைதி அளந்த கதை!'

"இது கதை இல்லை சார். கூவினது பெட்டை."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். ரைட்டர் சிரித்தார். பக்தவச்சலம் மட்டும் சோடாவைக் கீழே வைத்தார்.

"காதுல பூ சுத்தறீங்களா டாக்டர்?"

"கேளுங்க. கோழிக்கு முட்டைப்பை ஒண்ணுதான் வேலை செய்யும். இடது பக்கம். வலது பக்கம் இருக்கறது பேருக்கு ஒட்டிக்கிட்டுத் தூங்கும். இடது பக்கத்துல கட்டி வந்து கெட்டுப்போச்சுன்னு வைங்க... அதுல சுரக்கற பெண் ஹார்மோன் நின்னுபோகும். உடனே வலது பக்கம் முழிச்சுக்கிட்டு ஆண் ஹார்மோனைச் சுரக்கும். முட்டை நிக்கும். கொண்டை பெருக்கும். கால்ல முள் வரும். அப்புறம் ஒரு நாள்..."

"ஒரு நாள்?"

"கொக்கரக்கோதான்!"

லாக்கப்புக்குள் இன்னாசி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு ஹார்மோனும் புரியவில்லை, ஒரு மண்ணும் புரியவில்லை. யாரோ ஒருத்தர் தன்னை நம்புகிறார் என்பது மட்டும் புரிந்தது. அவனுக்குக் கண் கலங்கியது.

"பத்து நாள் முன்னாடி அடைக்கலமேரி ஒரு கோழியைத் தூக்கிட்டு வந்தாங்க. 'முட்டை விட மாட்டேங்குது டாக்டரே, கொண்டை மட்டும் வளருது'ன்னாங்க. இதான் விஷயம், சீக்கிரம் கூவும்னு நான்தான் சொன்னேன்."

"நான் பார்த்த ஏழும் சாதாரணக் கோழிய்யா!"

"அவங்ககிட்ட இருந்தது எட்டு. போன மாசம் எட்டுக்கும் வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டேன். ரிஜிஸ்டர்ல இருக்கு."

"அப்ப எட்டாவது எங்க?"

ஹென்றி கூடையைத் தூக்கி மேஜை மேல் வைத்தார்.

"இன்னிக்குக் காலையில கடலோரமா அரை உசுரா கிடந்துச்சாம். ஒரு மீன்காரர் கொண்டுவந்து குடுத்தார். வைத்தியம் பண்ணிட்டேன். பிழைச்சுக்கிச்சு."

பக்தவச்சலத்தின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அதை யாரும் பார்க்கவில்லை. இன்னாசி பார்த்தான்!

"எங்க, கூவச் சொல்லுங்க பார்ப்போம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஹென்றி சாக்கைக் கொஞ்சம் விலக்கினார்.

சத்தமில்லை.

தட்டினார்.

சத்தமில்லை!

"போதும்யா உன் வித்தை! முதலாளி, நீங்க கையெழுத்தைப் போடுங்க..."

இன்னாசி கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டான். 'கூவு... எம்மா, தாயே, ஒரே ஒரு வாட்டி கூவு!'

ஹென்றி கூடையை ஜன்னல் பக்கம் திருப்பினார். இடுக்கு வழியே சுள்ளென்று வெயில் உள்ளே போனது.

"கொக்... கரக்... கோஓஓ!"

ஸ்டேஷன் அதிர்ந்தது. பேனா உருண்டது. சோடா பாட்டில் கவிழ்ந்தது. பக்தவச்சலம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார்.

"அது எப்பிடி சார் பொழைக்கும்? நாலு சுத்து சுத்தித் திருவித்தான கடல்ல வீசினேன்!"

ரைட்டர் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்.

"இன்னா சொன்னே?" இன்ஸ்பெக்டருக்கே மெட்ராஸ் பாஷை வந்துவிட்டது.

பக்தவச்சலம் வாயைப் பொத்தினார். பிரயோஜனமில்லை. ரைட்டர் ஏற்கெனவே வாசலை மறித்துவிட்டார்.

"பெட்ட கூவுச்சுன்னா சுத்துப்பட்டுல ஒரு வூடும் உருப்படாது சார்..." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அது கூவுன அன்னிக்கே என் லாஞ்சு மோட்டாரு படுத்துச்சு. மறுநாளு வல அறுந்துச்சு. பொண்ணு பாக்க வந்தவன் காபிகூட குடிக்காம பூட்டான். அறுத்துப் போடுன்னு கெஞ்சுனேன். 'அது என் புள்ள மாரி, போய்யா'ன்னுச்சு. செவ்வாக்கெயம நாலரைக்குப் படல் ஏறிக் குதிச்சேன். கோயிக் கழுத்தத் திருவறப்ப பாத்துட்டுக் கத்துச்சு. கைல துடுப்பு மாட்டுச்சு..."

"அதுக்காக ஒரு பொம்பளய அடிச்சுக் கொல்லுவியாடா? பேமானி! உன்னாலதான்டா ஃப்ளோரா என் மூஞ்சில துப்புச்சு!" இன்னாசி கம்பியை உலுக்கினான். விட்டிருந்தால் அன்று இன்னொரு கொலை விழுந்திருக்கும்.

விலங்கு கை மாறியது. லாக்கப் கதவு திறந்தது. வீங்கிய முகத்தோடு இன்னாசி வெளியே வந்தான். இன்ஸ்பெக்டர் அவன் கண்ணைப் பார்க்காமல் கூடைப் பக்கம் திரும்பினார்.

"டாக்டர், அந்தக் கோழியை ஜாக்கிரதையா வைங்க. கோர்ட்டுல முக்கியமான எக்ஸிபிட்!"

"எந்தக் கோழி?"

ஹென்றி சாக்கை முழுசாக எடுத்தார். உள்ளே... தொடை பெருத்த ஒரு சிவப்புச் சேவல்! பிறந்த நாளிலிருந்தே சேவல்!

"காலையில சந்தையில வாங்கினது சார். மேரியம்மாவோட கோழி செத்து, மீனுக்கு இரையாகியிருக்கும். 'பக்கத்து வீட்டுக்காரன் கழுத்தைத் திருகிடுவேன்னு மிரட்டறான்'னு, அது கூவ ஆரம்பிச்சதும் அந்தம்மா மறுபடி வந்து சொன்னாங்க. சும்மா தூண்டில் போட்டுப் பார்த்தேன்."

இன்ஸ்பெக்டரின் முகம் சேவலின் கொண்டையை விடச் சிவந்தது.

"யோவ்! போலீஸ் ஸ்டேஷன்ல பொய் சொல்லியிருக்கே! உன் மேல கேஸ் போடலாம் தெரியுமா?"

ஹென்றி கூடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தாராளமா போடுங்க சார். ரெண்டு நாளா மனுஷன் கத்தினது உங்க காதுல ஏறலை, இது ஒரு தடவை கூவினதும் ஏறிடுச்சு... கோர்ட்டுல இதையே வக்கீலா வச்சுக்கறேன்!"