எரிந்த மோட்டாரும் விழாத ரிலேயும்

"ஓவர்லோடு, ஓவர்லோடுன்னு கிளிப்பிள்ளையாட்டம் அதையே சொல்லிகினு இருக்காங்க மேடம்!" என்றாள் காந்திமதி. பொற்கொடியின் வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள்.

நெய்வேலி அருகே ஒரு சாம்பல் செங்கல் ஆலையில் அவள் கணவன் சிலம்பரசன் கான்ட்ராக்ட் ஆள். அன்று காலை அவன் ஓட்டிய கலவை மோட்டார் எரிந்துபோனது. முதலாளி பன்னீர்செல்வம் அவனை வெளியே தள்ளிவிட்டார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி! யார் கையில் எரிந்தது என்று பார்த்தார்களே ஒழிய, ஏன் எரிந்தது என்று ஒருத்தராவது பார்க்க வேண்டாமா? வளையமாதேவியில் சுரங்கத்துக்காக நிலம் போன பிறகு அந்த வீட்டுக்கு இந்த வேலை ஒன்றுதான் கதி.

மோட்டார் பழுதுபார்த்தே ஓய்வுபெற்ற பொற்கொடி, பதறாமல் கிளம்பினார். அதற்குள் அவர் கணவர் மதிவாணன் ஆட்டோவையே பிடித்துவந்துவிட்டார்.

மூவரும் ஆலைக்குள் நுழைந்ததும் நீலச் சட்டை போட்ட சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் முந்திக்கொண்டார். "அளவில்லாம கலவையைக் கொட்டிட்டான் மேடம். ஓவர்லோடு."

"ரிலே விழுந்துதா?"

"இல்லை."

"லோடு ஏறினா கரண்டு ஏறும். ஏறினா ரிலே விழுந்து மோட்டாரை நிறுத்தியிருக்கும். விழலையே! லோடு சரிதான். சூடுதான் வெளியே போகலை."

மோட்டாரின் பின்மூடி ஓட்டை ஓட்டையான தகடு. உள்விசிறி அதன் வழியே காற்றை இழுத்து, மோட்டாரின் வரிவரியான உடம்பின் மேல் ஓடவிடும். அந்தக் காற்றுதான் சூட்டை அள்ளிக்கொண்டு போகவேண்டும்.

"விசிறி உடைஞ்சிருக்கும்!" என்றார் மதிவாணன்.

பொற்கொடி அச்சைக் கையால் சுழற்றிப் பார்த்தார்; விசிறி நன்றாகவே சுற்றியது.

"அப்போ எலி!"

"கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்! எங்கே பார்த்தாலும் சாம்பல். மூடி மட்டும் துடைச்ச மாதிரி இருக்கு, பாருங்க. சண்முகசுந்தரம் சார், கொஞ்சம் திரும்புங்க."

சட்டை முதுகில், வட்டமாக, வரிசை வரிசையாகச் சாம்பல் புள்ளிகள்.

"ஈரச் சட்டையை மூடி மேல விரிச்சிருக்கீங்க. விசிறி அதை உறிஞ்சிப் பிடிச்சுக்கிட்டது. ஓட்டைக்கு நேரா சாம்பல் படிஞ்சிருக்கு. மோட்டாருக்குக் காத்தே போகலை."

"மழைன்னா எல்லாரும் காயப்போடுறதுதானே மேடம்!" என்றார் சண்முகசுந்தரம். "டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள புகை. சட்டையை உருவிட்டேன். சிலம்பரசன் கலவை கொட்டுற மேடை மேல இருந்தான், அவனுக்கு எதுவும் தெரியாது."

"தெரிஞ்சேதான் பழியைப் போட்டீங்களா?" என்று மதிவாணனே கத்திவிட்டார்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பன்னீர்செல்வம் காந்திமதியிடம் வந்தார். "சரி, சரி. நாளைக்கு வரச் சொல்லும்மா."

"எதுக்கு நாளைக்கு?" என்றாள் காந்திமதி. "எல்லார் எதிர்லயும் கையப் புடிச்சி வெளிய தள்ளுனீங்களே? கேட்டாண்டதான் நனைஞ்சிகினு நிக்கிறாரு. நீங்களே போய்க் கூட்டியாங்க."

வேலையாட்கள் எல்லோரும் முதலாளியையே பார்த்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கி, கேட்டை நோக்கி நடந்தார்.