ஓடுபாதையில் நிற்பவன்

விமானம் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதை முதலில் பார்த்தாள். ஓடுபாதையின் மறுகோடியில், வெள்ளைக் கோடுகள் தேய்ந்துபோன இடத்தில், யாரோ ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

"கேப்டன், ஆள் நிக்குது."

பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்சியாளர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "யாரும் இல்லையே டாக்டர். வெயில்ல தார் அப்படித்தான் தண்ணி மாதிரி ஆடும். மூக்கைத் தூக்குங்க, மூக்கை."

விமானத்தின் மூக்கையா, தன் மூக்கையா என்று முதல் வகுப்பில் குழம்பி, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்ததுண்டு. அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கரங்கள் தரையில் பட்டுத் துள்ளி ஓடின. அந்த இடத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்தாள். காய்ந்த புல் மட்டும் இருந்தது.

அவள் பல் மருத்துவர். வாரம் முழுக்க விளக்கைச் சாய்த்துக்கொண்டு அடுத்தவர் வாய்க்குள் குனிந்தே கிடப்பவளுக்கு, நாற்பது வயதில் தூரத்தைப் பார்க்கவேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. ஊருக்கு வெளியே இருந்த விமானப் பயிற்சி மன்றத்தில் சேர்ந்தாள். டைல்ஸ் கடை வைத்திருந்த அவள் கணவனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "டாக்டரம்மாவுக்குச் சிறகு முளைச்சிருக்கு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே கால் நடுங்குகிற ஆள் அவன். ஆனாலும் ஞாயிறு தவறாமல் காரில் கொண்டுவந்து விட்டு, அவள் கீழே இறங்கும்வரை ஓடுபாதை ஓரமாகப் புகைத்தபடி அலைவான். அங்கே நடக்கக்கூடாது என்று கேப்டன் எத்தனை தரம் சத்தம் போட்டாலும் காதில் வாங்கமாட்டான்.

அன்று அவள் இறங்கியபோது அவன் மன்றத்து வாசலிலேயே நின்றிருந்தான். பையை வாங்கிக்கொண்டான்.

"நல்லா ஓட்டின," என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்த எதையும் அவன் நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை. திரும்பும் வழியில் காரை ஒடித்துக்கொண்டு குறுக்கே புகுந்தவனைக்கூடத் திட்டவில்லை. படுக்கையில் மரம் அறுப்பதுபோல் கேட்கும் அவன் குறட்டையும் அன்று கேட்கவில்லை. அவள் பல வருஷங்களுக்குப் பிறகு அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள்.

அடுத்த ஞாயிறும் அந்த ஆள் நின்றான். முன்பைவிடக் கிட்டத்தில். இந்தத் தடவை அவள் கேப்டனிடம் சொல்லவில்லை, சொன்னால் தார் ஆடுகிறது என்பார்; ஆனால் உடம்பு தெளிவாகத் தெரிந்தது. வெளியே விட்ட சட்டை. ஒரு காலில் நின்றுகொண்டு, மற்ற காலின் செருப்பால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருந்தான். அவள் பார்க்கப் பார்க்க, கை ஒன்று உயர்ந்தது. சக்கரம் தொடும் நொடியில் ஆள் இல்லை. மன்றத்துப் பக்கம் திரும்பினாள். வாசலில் அவள் கணவன் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, நட்டுவைத்த கம்பம்போல் நின்று சிரித்தான்.

கொசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படிச் சொறிந்துகொண்டு நிற்கிற மனிதன் ஒருவனைத்தான் அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க அவள் வீட்டுக்குள் அவனைக் கவனித்தாள். வைத்ததைச் சாப்பிட்டான், பிரமாதம் என்றான். அவள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனால், செருப்புச் சத்தமோ தரை அதிர்வோ இல்லாமல் நிலைப்படியில் வந்து நின்றான். சலவை இயந்திரத்தில் போட எடுத்த அவன் சட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். எப்போதும் சிமென்ட் தூசியும் சிகரெட்டும் வியர்வையும் கலந்து குமட்டும் சட்டை. இப்போது எந்த வாசனையும் இல்லை. கடையில் புதிதாக வாங்கிய துணிக்குக்கூட ஒரு வாசனை உண்டு. மனுஷன் திருந்தினால் சந்தோஷப்படாமல் துப்புத் துலக்குகிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு, சட்டையை உள்ளே திணித்து மூடினாள்.

"இந்த வாரம் கேப்டன் தனியா ஓட்ட விடுவாரா?" என்று அவன் நிலைப்படியிலிருந்து கேட்டான்.

"தெரியல. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம் கண்ணு? நீ மேல இருக்கறப்பதான் நான் நல்லா இருக்கேன்."

அவன் அவளை ஒருநாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

ஞாயிறு மாலை, காற்று அடங்கிய பிறகு, கேப்டன் விமானத்திலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினார். "ஒரே ஒரு வட்டம். அவ்வளவுதான். ஓடுபாதையில விளக்கு கிடையாது, இருட்டறதுக்குள்ள வந்துடணும். ரேடியோல நான் இருக்கேன்." பக்கத்து இருக்கை காலியானதும் விமானம் எடை குறைந்து சட்டென்று எழும்பியது. இன்ஜின் சத்தம் உள்ளங்கால் வழியே ஏறி முதுகெலும்பில் பரவ, கீழே மரங்களும் கூரைகளும் சிறுத்து, சூரியன் கண்ணாடியில் வெண்கலமாய் வழிய, பெட்ரோல் வாடையும் பழைய தோல் இருக்கையின் வாடையும் சூழ்ந்த அந்தச் சின்னக் கூண்டுக்குள், அவள் தனியாக ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு திரும்பி, ஓடுபாதையை நேராகப் பிடித்து, இறங்கத் தொடங்கினாள்.

அவன் ஓடுபாதையின் தொடக்கத்திலேயே நின்றான்.

சக்கரம் படவேண்டிய இடத்தில். முகம் தெரிந்தது. அவள் கணவனின் முகம். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி வீசினான். வராதே. போ. போ.

இன்ஜினை முழுதாகத் திறந்து மேலே ஏறினாள். சக்கரம் அவன் தலைக்கு மேலே போனது.

"என்னாச்சு டாக்டர்?" ரேடியோ கரகரத்தது.

"அவர் நிக்கிறார். என் வீட்டுக்காரர். ஓடுபாதையில."

"உங்க வீட்டுக்காரர் இங்க என் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கார். பதட்டப்படாதீங்க. இன்னொரு வட்டம் வாங்க."

இன்னொரு வட்டம் வந்தாள். அவன் அதே இடத்தில், இப்போது முழங்காலிட்டுக் கைகளைக் கூப்பியிருந்தான். வாய் எதையோ கத்தியது. மறுபடி ஏறினாள். மேற்கே சிவப்பு வற்றிவிட்டது. கீழே நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"டாக்டர், இருட்டுது. வேற எங்கயும் போய் இறங்க நேரமில்ல. ஓடுபாதை காலி. சத்தியமா காலி. இந்தாங்க, அவர்கிட்டயே பேசுங்க."

ரேடியோவில் மூச்சுச் சத்தம் இல்லை. குரல் மட்டும் வந்தது.

"இறங்கு கண்ணு. ஒண்ணுமில்ல. நான் இங்கதானே இருக்கேன்."

"நீங்கதானே?" என்றாள். தன் கேள்வி தனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.

"நான்தான். இறங்கு."

அவள் அந்தக் குரலை நம்பினாள். நம்பத்தான் வேண்டியிருந்தது. கீழே கோடு மங்கிக்கொண்டே போனது. இன்னும் ஒரு வட்டம் போனால் தரை எது, வானம் எது என்று தெரியாது.

திரும்பினாள். இறங்கினாள்.

இருந்தான்.

வெயில் இல்லை. தார் ஆடவில்லை. அவன் எழுந்து ஓட ஆரம்பித்தான். புல்லை நோக்கி ஓடவில்லை. அவளை நோக்கி. கைகளை விரித்துக்கொண்டு.

இல்லை. யாரும் இல்லை. காலி. கண்ணை மூடினாள்.

ஒரு சத்தம். ஈரத் துணி மூட்டையைச் சுவரில் எறிந்ததுபோல். இறக்கை தடுமாறியது. இன்ஜின் செருமி நின்றது. கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் ஏதோ சிவப்பாகத் தெறித்து, மெதுவாகக் கீழே வழிந்தது. சக்கரங்கள் இழுத்துக்கொண்டே போய் நின்றன. பிறகு ஒரே அமைதி.

சிமென்ட் தூசி வாடை. சிகரெட். வியர்வை.

பக்கவாட்டுக் கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தாள். பின்னால், ஓடுபாதை நெடுக, அவன் கிடந்தான். ஒரே இடத்தில் இல்லை.

மன்றத்து வாசலிலிருந்து இருவர் வந்துகொண்டிருந்தார்கள். கேப்டன் கைதட்டிக்கொண்டே வந்தார். நேராக அதன் நடுவே நடந்தார். அவருடைய வெள்ளை ஷூக்கள் கணுக்கால்வரை சிவந்தன. அவர் குனிந்து பார்க்கவில்லை. "அருமை டாக்டர். பூ மாதிரி இறக்கிட்டீங்க."

அவர் பின்னால் வந்தவன் மட்டும் பார்த்தான். சேற்றைத் தாண்டுவதுபோல், காலை உயரத் தூக்கி, கவனமாகத் தாண்டி வந்தான்.

கதவு திறந்தது. அவன் குனிந்து, அவள் மடிமேல் கைநீட்டி, பெல்ட்டின் கொக்கியைக் கழற்றினான். கை குளிராகவும் இல்லை, சூடாகவும் இல்லை.

"பாத்தியா, ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல," என்றான். "இனி யாரும் நிக்கமாட்டாங்க. வா, வீட்டுக்குப் போலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். இத்தனை கிட்டத்தில் அவன் சிரித்து அவள் பார்த்தது இப்போதுதான். வாய் அகலமாகத் திறந்தது. இன்னும் திறந்தது. தினமும் வாய்களையே பார்த்துப் பழகிய கண், தன்னையறியாமல் உள்ளே போனது.

கடைவாய்ப்பல் ஒன்றுகூட இல்லை. எல்லாமே முன்பற்கள். வெள்ளை வெளேரென்று, ஒன்றுபோல், வரிசை வரிசையாக, தொண்டைக்குள் இறங்கும்வரை.